நள்ளிரவில் வரும் கட்டைவிரல் வலி: சுளுக்கு அல்ல, "கவுட்" ஆக இருக்கலாம்!

இரவு மணி 2. தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்புறம், ஏணிப்படி வைத்த மாடி அறை. மஸ்ஜித் பந்தரில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிளார்க் வேலை பார்க்கும் அந்த 41 வயதுக்காரர் "ஐயோ" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வலது காலின் கட்டைவிரல் மூட்டில் நெருப்புக் கங்கை வைத்து அழுத்துவது போல வலி.

மனைவி பதறிப்போய் விளக்கைப் போட்டார். "என்னங்க, எலி கடிச்சிட்டுதா?" என்று கேட்டார். கடித்த அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி இருந்தது. போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. விடியும்வரை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

காலையில் பக்கத்து அறை அண்ணாச்சி வந்து பார்த்தார். நெல்லைச் சீமையில் இருந்து வந்து 40 வருஷம் பம்பாயில் பழுத்தவர். "சுளுக்குதான் தம்பி. கூட்டத்திலே ரெயில் ஏறும்போது பெசகியிருக்கும். நல்லா எண்ணெய் விட்டு நீவி விட்டா நாலு நாள்ல சரியாப் போயிரும்" என்றார். நீவி விட்டார்கள். வலி இரண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம்.

ஐந்து நாள் லீவு. சம்பளத்தில் வெட்டு. ஒரு வாரம் கழிந்ததும் வந்த சுவடு தெரியாமல் வலி போய்விட்டது. அவரும் மறந்துவிட்டார்.

வியாதி அவரை மறக்கவில்லை. ஐந்து மாதத்தில் அதே இடத்தில் அதே வலி. பிறகு மூன்று மாதத்தில் கணுக்காலில். அதன் பிறகு முழங்காலில். சுளுக்கு என்று நினைத்து அவர் இழந்தது இரண்டு வருஷம். சிறுநீரகத்தின் பலத்திலும் கொஞ்சம் போய்விட்டது.

அவருக்கு வந்தது "கவுட்" என்னும் மூட்டு வியாதி.

பெயரில் வரும் குழப்பம்

இந்தியில் "கட்டியா" என்றும், மராத்தியில் "சந்திவாத்" என்றும் டிஸ்பென்சரியில் சொல்வார்கள். நம் ஊரில் வாதம், கீல்வாயு என்போம். இவை எல்லாம் மூட்டு வலிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர்கள். வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு. கைவிரல்களில் காலை நேரத்தில் விறைப்போடு தொடங்கும் "ருமட்டாய்டு" வாதம் வேறு. கவுட் வேறு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே "கட்டியா" என்று டாக்டர் சொன்னால், "எந்த வகை?" என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

மேல்நாடுகளில் இதை ராஜாக்களின் வியாதி என்று சொல்லி வந்தார்கள். மாமிசமும் மதுவும் மிதமிஞ்சிய பிரபுக்களுக்கு வருவது என்று பெயர். அந்தக் காலம் போய்விட்டது. லேத் பட்டறை தொழிலாளிக்கும் வருகிறது. முட்டைகூடத் தொடாத மாதுங்கா கணக்குப்பிள்ளைக்கும் வருகிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் "பியூரின்" என்ற பொருள் உண்டு. பழைய அணுக்கள் அழியும்போது பியூரின் சிதைந்து யூரிக் அமிலம் ஆகிறது. உணவில் இருந்தும் ஒரு பங்கு சேருகிறது. பெரும்பாலான மிருகங்களிடம் யூரிக் அமிலத்தை மேலும் உடைத்துத் தள்ளும் ஒரு நொதி இருக்கிறது. மனிதனிடம் அது இல்லை. நமது யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், மீதியைக் குடலும் வெளியேற்ற வேண்டும்.

கவுட் வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உற்பத்தி அதிகம் என்பதைவிட வெளியேற்றம் குறைவு என்பதுதான் கோளாறு. சாக்கடை அடைத்துக்கொண்டால் குழாயில் சாதாரணமாக வரும் தண்ணீரே முற்றத்தில் தேங்கும் அல்லவா? அதுபோலத்தான். இந்தக் கோளாறு குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 6.8 மில்லி கிராமைத் தாண்டினால், அதற்கு மேல் கரைந்து நிற்க இடம் இல்லை. சர்க்கரைப் பாகு ஆறினால் கற்கண்டு படிவது போல, ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படிகிறது. உடம்பிலேயே குளிர்ச்சியான கோடி கால் விரல். ஆகவேதான் முதல் தாக்குதல் பெரும்பாலும் கட்டைவிரலில் வருகிறது. படிகங்களை எதிரி என்று எண்ணி வெள்ளை அணுக்கள் பாய்கின்றன. அந்தச் சண்டைதான் சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம்.

ஆண்களுக்கே இது அதிகம். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்வரை அவர்களுடைய ஹார்மோன் ஓரளவு காவலாக இருக்கிறது. நின்ற பிறகு அவர்களுக்கும் வரலாம்.

கண்டுபிடிப்பது எப்படி?

கவுட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு. வலி படிப்படியாக வராது. திடீரென்று, பெரும்பாலும் இரவில் அல்லது விடியற்காலையில் வரும். 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பொதுவாக ஒரே மூட்டில் இருக்கும். மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பிறகு வலியே இல்லாத இடைக்காலம். இந்த இடைக்காலம்தான் நோயாளியை ஏமாற்றுகிறது.

தாராவி கிளார்க்கை ஏமாற்றியது இன்னொன்று. இரண்டாவது தாக்குதலின்போது அவர் யூரிக் அமிலப் பரிசோதனை செய்துகொண்டார். 6.2 என்று வந்தது. "நார்மல்தான், கவுட் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். தாக்குதல் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கி, சாதாரண அளவு காட்டுவது உண்டு. வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவருக்கு பின்னால் அப்படிப் பார்த்தபோது 9.1 இருந்தது.

இதற்கு நேர்மாறும் உண்டு. ரிப்போர்ட்டில் 7.5 இருக்கிறது, ஆனால் ஒரு நாளும் மூட்டு வலி வந்ததில்லை. அவருக்குக் கவுட் என்று சொல்ல முடியாது. யூரிக் அமிலம் கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை சாப்பிடத் தேவையில்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத பரிசோதனை ஒன்றுதான். வீங்கிய மூட்டில் மெல்லிய ஊசி போட்டு, நீரை எடுத்து, அதற்கென்று உள்ள "போலரைஸ்டு" மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஊசி போன்ற படிகங்கள் தெரிந்தால் கவுட் உறுதி. இந்த முறையை 1961-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் மெக்கார்ட்டி, ஹாலண்டர் இருவரும் வெளியிட்டார்கள். எல்லா டிஸ்பென்சரியிலும் இது நடக்காது; பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும். முடியாத இடத்தில் அடையாளங்களையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து டாக்டர் முடிவு செய்வார். எக்ஸ்ரேயில் ஆரம்ப காலத்தில் வீக்கத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. எலும்பு அரிக்கத் தொடங்கிய பிறகே தெரியும்.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினால்...

ஓர் எச்சரிக்கை. மூட்டில் கிருமி புகுந்து சீழ் பிடித்தாலும் இதே சிவப்பு, இதே வீக்கம், இதே வலி. அதோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கிருமி சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். கவுட் உள்ளவர்களுக்கும் இது வரலாம். மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதில் இந்த லாபமும் இருக்கிறது. படிகமா, கிருமியா என்று பிரித்துவிடலாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையின் விலை

மூன்றாவது தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கிளார்க் டாக்டரிடமே போகவில்லை. சம்பளம் போகுமே என்ற பயம். ஸ்டேஷன் ஓரத்து மெடிக்கல் ஷாப்பில் "டர்த் கா கோலி" என்று கேட்டு வாங்கி, வலி மாத்திரை விழுங்கிவிட்டு நொண்டி நொண்டிப் பாலம் ஏறி வேலைக்குப் போனார். வலி இல்லாத நாளிலும் "முன் ஜாக்கிரதையாக" ஒன்று போட்டுக்கொண்டார்.

நான்காவது தாக்குதலில் முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. மச்சினன் டாக்ஸியில் ஏற்றி நகரசபை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூட்டு நீரை எடுத்தார்கள். கிருமி இல்லை; படிகங்கள் இருந்தன. ரத்தத்தையும் சோதித்தார்கள். "கிரியேட்டினின்" 1.6 இருந்தது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். அவர் சட்டைப் பையில் இருந்து இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று வலி மாத்திரை. மற்றது ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை. அதில் சிறுநீரைக் கூட்டும் மருந்து ஒன்றும் கலந்திருந்தது. அந்த வகை மருந்து யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைக்கும். முதலாவது சிறுநீரகத்தைக் கெடுத்தது. இரண்டாவது யூரிக் அமிலத்தைத் தேக்கியது. இரண்டும் அவர் பையிலேயே இருந்தன.

டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார். கொதிப்பு மாத்திரையை "லோசார்டான்" என்பதற்கு மாற்றினார். இது கொதிப்பையும் குறைக்கும். யூரிக் அமிலத்தையும் ஓரளவு வெளியேற்றும்.

காசநோய்க்குத் தரும் "பைரசினமைடு", இதய நோயாளிகள் சாப்பிடும் சிறிய அளவு ஆஸ்பிரின் ஆகியவையும் யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியவை. அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது கவுட்டைவிடப் பெரிய ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் போதும்.

சிகிச்சை இரண்டு வகை

கவுட் சிகிச்சையில் இரண்டு வேலைகள் உண்டு. எரிகிற நெருப்பை அணைப்பது ஒன்று. மறுபடி பற்றாமல் செய்வது மற்றது. நம்மில் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

நெருப்பை அணைக்க மூன்று வகை மருந்துகள் இருக்கின்றன. வலி, வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள், கோல்ச்சிசின், ஸ்டீராய்டு. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், இதய நோய் உள்ளவர்களுக்கு வலி மாத்திரை ஆகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். எந்த மருந்தானாலும் முதல் நாளிலேயே தொடங்கினால் பலன் அதிகம். கூடவே காலை உயர்த்தி வைத்து ஓய்வு எடுக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் நல்லது. சூடு ஒத்தடம், நீவி விடுவது, கட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம்.

தாராவிக்காரருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து நடந்தார்.

ஸ்டீராய்டு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். "ஒரே பொட்டலத்தில் மூட்டு வலி மாயம்" என்று ரோட்டோரத்தில் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது உண்டு. டாக்டர் அளந்து ஐந்து நாள் கொடுப்பது மருந்து. அளவு தெரியாமல் ஐந்து மாதம் தின்பது விஷம். முகம் ஊதும், எலும்பு பலம் குறையும், சர்க்கரை ஏறும்.

நம் செங்காந்தளில் இருக்கும் மருந்து

கோல்ச்சிசின் பழைய மருந்து. ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிகம் என்ற செடியில் இருந்து 1820-ம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலார் பெல்லத்தியே, காவெந்து இருவரும் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குவினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. அதுவும் அதே ஆண்டில்தான்!

இதே கோல்ச்சிசின் நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று சொல்வதும் அதைத்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தல் கட்டி வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்காக விற்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருந்து கிழங்கை வரவழைத்துவிடாதீர்கள்! செடி முழுவதும் கொடிய விஷம். மாத்திரையில் இருப்பது அரை மில்லி கிராம் அளவு. கிழங்கிலோ விதையிலோ எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தின்று உயிர் இழந்தவர்கள் உண்டு. மாத்திரையைக்கூட டாக்டர் சொன்னதற்கு மேல் ஒன்று போடக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

மறுபடி வராமல் தடுக்க

அடிக்கடி தாக்குதல் வருபவர்கள், மூட்டு அரித்தவர்கள், காது மடலிலும் முழங்கையிலும் விரல்களிலும் சுண்ணாம்புக் கட்டி போல முடிச்சு விழுந்தவர்கள், இவர்களுக்கு யூரிக் அமிலத்தையே குறைக்கும் மருந்து தேவை. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் முதலிலேயே தொடங்குவது உண்டு.

இதில் முதன்மையானது "அலோபுரினால்". 1966-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவருக்கும் வேறு பல மருந்துகளுக்கும் சேர்த்து 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான மாத்திரை. சிறிய அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் கீழேயே நிற்க வேண்டும். அதுதான் குறி.

இங்கே ஒரு சோதனை வரும். தாராவிக்காரருக்கும் வந்தது. அலோபுரினால் தொடங்கிய இரண்டாவது மாதம் கணுக்காலில் மறுபடி தாக்குதல். "இந்த மாத்திரையே வியாதியைக் கிளப்பிவிட்டது" என்று கோபித்து நிறுத்தப் பார்த்தார். மனைவிதான் விடவில்லை. "டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

டாக்டர் சிரித்தார். "பாத்திரத்தின் அடியில் பிடித்த கறையைச் சுரண்டினால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும். பழைய படிகம் கரைகிறது. நிறுத்தாதீர்கள்" என்றார். இந்தக் கலக்கத்தைக் குறைக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் சிறிய அளவு கோல்ச்சிசினும் கூடத் தருவார்கள். தாக்குதல் வந்தாலும் அலோபுரினாலை நிறுத்தக் கூடாது.

ஒரே ஒரு காரணத்துக்கு உடனே நிறுத்த வேண்டும். தோலில் தடிப்பு, அரிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். அரிதாகத்தான் வரும், வந்தால் ஆபத்தானது. அலோபுரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 2009-ல் அமெரிக்க அனுமதி பெற்ற "பெபுக்சோஸ்டாட்" இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டில் என்ன செய்வது?

ஈரல், மூளை, சிறுநீரகம், ஆட்டுக்கால் பாயா ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். "கலேஜி" கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. நெத்திலி, சாளை, இறால் ஆகியவற்றிலும் அளவு வேண்டும். கருவாடு பிரியர்களுக்கு இது கஷ்டம்தான்!

மது வகைகளில் பீர்தான் முதல் எதிரி. பிராந்தி, விஸ்கியும் நண்பன் அல்ல. பாட்டிலில் அடைத்த இனிப்புக் குளிர்பானமும் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது.

பருப்பு, கீரை, காளான் கூடாது என்று சிலர் சாம்பாரையே விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. காய்கறி, பருப்பில் உள்ள பியூரினால் கவுட் கூடுவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. ஆடை எடுத்த பால், மோர் நல்லது. காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருவதாகவே தெரிகிறது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தொந்தியை மெதுவாகக் குறைக்க வேண்டும். பட்டினி கிடந்து திடீரென்று குறைத்தால் அதுவே தாக்குதலைக் கொண்டுவரும்.

ஆனால் பத்தியம் மட்டும் போதாது. மிகக் கண்டிப்பாக இருந்தாலும் சாப்பாட்டால் இறங்குவது சுமார் ஒரு மில்லி கிராம்தான். 9-ல் இருப்பவர் 8-க்கு வருவார். 6-க்கு வர மாத்திரை வேண்டும். ஆகவே "நீ தின்றதால் வந்தது" என்று நோயாளியைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது

சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்தானாலும் மறைக்காதீர்கள். எந்தத் தேதியில், எந்த மூட்டில், எத்தனை நாள் வலி இருந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யூரிக் அமிலத்தோடு கிரியேட்டினின், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை கவுட்டின் கூட்டாளிகள். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் பயன்படுத்துங்கள். வியாதிக்காக எடுக்கும் லீவுக்கும் அதில் பணம் உண்டு.

தாராவி கிளார்க்குக்கு இப்போது யூரிக் அமிலம் 5.6. கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. போன இடம் முழுவதும் திரும்பவில்லை. ஒரு வருஷமாகத் தாக்குதல் இல்லை. காலையில் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான்.

சென்ற மாதம் பக்கத்து அறை அண்ணாச்சியின் மகனுக்கு இரவில் கட்டைவிரல் வீங்கியது. அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். கிளார்க் அதை வாங்கிக் கீழே வைத்தார். "வேண்டாம் அண்ணாச்சி. காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.